தம்பிக்கு: உன் கிட்னி உனக்கே இருக்கட்டும்

தம்பி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. நான் இங்கே எழுதுவதை நீ படிக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள், அதற்காக அவளைப் பிடித்துத் திட்டாதே. அதனால்தான் இங்கேயே எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் நம் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு, அவர்களும் படிப்பார்கள், ஆகவே சில விஷயங்களைத் தொடமாட்டேன். திதி அன்று மாமா பேசியது அதில் ஒன்று.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்காக இனிமேல் யாரிடமும் போய் கிட்னி கேட்காதே. சித்தி மகனிடம் நீ பேசியது என் காதுக்கும் வந்தது. அவனுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது, வேண்டாமடா. திங்கள், புதன், வெள்ளி ரத்தம் கழுவ, அதாவது டயாலிசிஸுக்குப் போகிறேன், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) செலவைப் பார்த்துக்கொள்கிறது, அப்படியே போகட்டும்.

அந்த ஈப்போ ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. எனக்குக் கிட்னி கொடுக்க முடியுமா என்று உனக்குப் பார்த்த பரிசோதனையின் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு வந்து காடியில் உட்கார்ந்தாய், சாவியைப் போட்டாய், ஆனால் திருகவில்லை. வெயில் கொதித்தது, கண்ணாடியை இறக்கவேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாய், மேலே வெயில் தட்டியில் செருகினாய், அப்புறம் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "அப்போ நான் எதுக்குமே ஆகமாட்டேனாக்கா?" என்று கேட்டாய். லோரி ஓட்டி முரடாகிப் போன அந்தக் கை நடுங்கியது. நான் உன் தோளைத் தொடலாம் என்று நினைத்தேன், தொட்டால் நீ அழுதுவிடுவாய், நீ அழுதால் நானும் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு இனிப்புநீர் (சர்க்கரை வியாதி), சிறுநீரில் புரதம் போகிறது, அதனால் கொடுக்க முடியாது என்றார்கள். உன் காதில் விழுந்தது 'கொடுக்க முடியாது' மட்டும்தான். மீதியை அந்தத் தட்டியிலேயே விட்டுவிட்டாய்.

எனக்கு எரிகிறது தம்பி, சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்படி ஒரு காகிதத்தை யாரும் முன்கூட்டிக் கையில் கொடுக்கவில்லை. நாள் முழுக்க பாலர் பள்ளியில் நிற்பதால் கால் வீங்குகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் மூச்சு வாங்கிப் போய்ப் படுத்தபோது, கிட்னி வடிகட்டுகிற சக்தி (eGFR) 9 என்றார்கள். 15-க்குக் கீழே போனாலே அது கடைசிக் கட்டம். உனக்கு இன்னும் 70-க்கு மேல் இருக்கிறது. எனக்குக் கிடைக்காத எச்சரிக்கை உனக்குக் கிடைத்திருக்கிறது, அதை மடித்துச் செருகி வைத்துவிட்டு வந்து, திதிச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "மாத்திரை தின்னு தின்னுதான் அக்காவுக்கு கிட்னி போச்சு" என்கிறாய்!

அங்கேதான் கத்தினேன். பிள்ளைகள் முன்னால் கத்தியதற்கு மன்னித்துக்கொள். சின்னவன் பயந்து உன் மடியில் ஏறியதைப் பார்த்தேன், அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்தப் பந்தியில் இருந்த இருபது பேரும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், அதில் பாதிப் பேர் இனிப்புநீர்க்காரர்கள். நான் மாத்திரை தொடங்கியதே கிட்னி பெரும்பாலும் போன பிறகுதான். மெட்ஃபார்மின் என்கிற இனிப்புநீர் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை, கிட்னி தளர்ந்த பிறகு அது உடம்பில் தங்கிவிடும் என்பதால் டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் நிறுத்துவார். கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். நம் மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் வருகிறவர்கள். கிட்னியில் பெரும்பகுதி போகும்வரை வலிக்கவே வலிக்காது, அதுதான் கொடுமை.

மாத்திரையைக் குறை சொல்வதானால், நீ லோரியில் வைத்திருப்பதைச் சொல். இடுப்பு வலிக்கு டாக்டரைக் கேட்காமல் நீ போடுகிற டைக்ளோஃபெனாக்கும் போன்ஸ்டானும் கிட்னிக்கு ரத்தம் போவதையே குறைக்கும். பேர் ஊர் தெரியாத அந்த மூலிகைப் பொட்டலத்தையும் தூக்கிப் போடு.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பதே இல்லை. பயம், தெரியும். சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே சதா கிர்ரென்று அதிரும், அது நின்றால் உடனே ஓடவேண்டும், தினமும் காலையில் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பதுதான். அந்தக் கையில்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு பெரிய ஊசி, ஒன்று ரத்தத்தை எடுக்க, ஒன்று திருப்பி விட. நாலு மணி நேரம். தண்ணீர் கூடுதலாக ஏறியிருந்தால், மெஷின் அதை இழுக்கும்போது கெண்டைக்காலில் பிடிக்கும் பாரு, பல்லைக் கடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு எனக்குத் தண்ணீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ரசமும் தேத்தண்ணியும் அதிலேயே அடக்கம். இளநீரைத் தொடக்கூடாது, பொட்டாசியம். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) எங்களுக்கு விஷம், மூளையைத் தாக்கும். நீ வாசலில் நட்டுக் கொடுத்த மரம் இந்த வருஷம் காய்த்துத் தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்குத்தான் கொடுக்கிறேன்.

உன்னை இந்த நாற்காலியில் பார்க்க என்னால் முடியாது. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சிறுநீரில் புரதம் போவதைக் குறைக்கவே மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற வகைதான், அதை ஒழுங்காகப் போட்டால் இந்த நாளை வெகுதூரம் தள்ளிப்போடலாம் என்று என் டாக்டரே சொன்னார். நம் அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). ஜொகூர் ஓட்டத்துக்கு நடுவில் நேரமில்லை என்று சொல்லாதே, எனக்கு வாரத்தில் மூன்று நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை எனக்கு மெஷின் இல்லை. காலை ஏழரைக்கு கிளினிக் வாசலில் இருப்பேன். காலையில் போகிற முதல் சிறுநீரைக் கொண்டு வா, டப்பாவை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்திருக்கிறேன். பசியாறாமல் வா, ரத்தம் எடுப்பார்கள். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசவேண்டாம், வந்து பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் எடு, போதும்.

அக்கா