பரணிலிருந்து இறக்கிய நோட்டுகள்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

பரணில் இருக்கும் உன் இயற்பியல் கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடச் சொன்னாயாம், அம்மா சொன்னாள். நான் போடவில்லை. இறக்கித் தூசி தட்டிக் கூடத்தில் அடுக்கியிருக்கிறேன். மொத்தம் 38 நோட்டுகள்.

நீ கணித்த துகள் இல்லை என்று தெரிந்ததும், புதன்கிழமை தொலைபேசியில் நீ, "பத்து வருடமும் வீண், அப்பா" என்றாய். நான் உடனே, "பெங்களூரில் வேலைக்கா பஞ்சம், வந்துவிடு" என்றேன். அதை நீ ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். அது பயத்தில் வந்த பேச்சு. மூன்றாவது ஆய்வுப் பணியும் அடுத்த ஆண்டு முடிகிறது, மறுபடியும் நாற்பது ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பம், மறுபடியும் பெட்டி கட்டிக்கொண்டு இன்னொரு நாடு என்று நினைத்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. உனக்கு 33 வயது. இந்த வயதில் எனக்கு நிரந்தர வேலை இருந்தது, இடுப்பில் நீ இருந்தாய். என் வாழ்க்கையை வைத்து உன்னை அளந்தது என் பிழைதான்.

தொடர்வதா விடுவதா என்பதை நீயே முடிவு செய். எதைச் செய்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் "வீண்" என்ற சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். 1960-களின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கூண்டில் இறங்கினார்கள். வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகள்கள் பாறையை எவ்வளவு ஆழம் வரை துளைத்துக்கொண்டு வருகின்றன என்று மட்டம் மட்டமாக அளந்துகொண்டே போனார்கள். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. "பாவம், படித்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். தாத்தா எனக்குச் சொன்ன கதை அதோடு முடிந்துவிடும். மீதியை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒன்றும் பதிவாகாத அந்த அமைதியைக் கண்டுதான், மற்ற துகள்களின் தொல்லை இல்லாத இந்த ஆழத்தில் கருவியை வைத்தால், எந்தப் பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற துகளைப் பிடித்துவிடலாம் என்று அவர்களுக்குத் துணிவு வந்தது. 1965-இல் அதே சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் கிடைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் கிடைத்தது. தாத்தா உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லையே என்று இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு 1980-இல் அங்கேயே 140 டன் இரும்பை அடுக்கி வைத்து, அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் தானாக அழிகிறதா என்று பார்த்தார்கள். ஹோவர்ட் ஜார்ஜை, ஷெல்டன் கிளாஷோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள், புரோட்டான் அழியும் என்று 1974-இல் காகிதத்தில் போட்ட ஒரு கணக்குதான் அதற்குத் தூண்டுதல்களில் ஒன்று. சில தடயங்கள் தெரிந்ததாக அறிவித்தார்கள். மற்ற நாடுகளின் பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. ஜப்பானில் நிலத்தடியில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே என்ற பெரிய கருவி இன்றுவரை ஒரு புரோட்டான்கூட அழிந்ததைப் பார்க்கவில்லை. அது தேடும் முக்கியமான சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்றாகிவிட்டது. அந்தக் கணக்கின் எளிய வடிவம் தோற்றது. தோற்ற அந்தக் கணக்கை இன்றும் வகுப்பில் நடத்துகிறார்கள் என்று நீதான் கண்கள் மின்னச் சொன்னாய். அவர்களுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?

நான் 31 ஆண்டுகள் லேத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். துளையைச் சோதிக்கும் கேஜுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மற்றது போகக் கூடாது. இரண்டையும் வைத்துப் பார்க்காமல் ஒரு துண்டையும் நான் வெளியே விட்டதில்லை. ஜெனீவாவில் துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் அந்த 27 கிலோமீட்டர் வளையம், நீ கணித்து எழுதிய துகள் நீ சொன்ன நிறை வரைக்கும் இல்லை என்று காட்டிவிட்டது, சரி. இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டுமென்றால், இருந்தால் அது எப்படிச் சிதையும், எதை விட்டுச் செல்லும் என்று ஒருவர் முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கேஜைச் செய்து கொடுத்தவள் நீ.

இன்னொன்று. கட்டுரைகளில் உன் பெயர் எப்போதும் கடைசியில் வருவதைப் பார்த்து, என் பெண்ணின் உழைப்பைக் குறைத்துக் காட்டுகிறார்களோ என்று வெகுகாலம் மனம் குமைந்தேன். உங்கள் துறையில் ஆங்கில அகரவரிசைப்படிதான் பெயர் போடுவார்கள், வேலாயுதம் கடைசியில்தான் வரும் என்று நீ சொன்ன அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நாட்டு வழக்கப்படி என் பெயர் உன் குடும்பப் பெயராகி, அந்தக் கட்டுரைகளில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பழைய பேப்பரில் போடச் சொல்கிறாயா?

நேற்று இரவு 17-ஆம் நோட்டைப் பிரித்தேன். கணக்கு எனக்குப் புரியாது. ஒன்பது பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் "குறி தவறு. முதலிலிருந்து" என்று தமிழில் எழுதியிருக்கிறாய். கீழே தேதி இருக்கிறது. அத்தை மகள் கல்யாணத்துக்கு நீ வராமல் இருந்தாயே, அதே வாரம். பத்து கிலோமீட்டர் தொலைவில் விடுதியில் இருந்துகொண்டு வரவில்லையே என்று உன்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசாமல் இருந்தேன். அந்த ஒன்பது பக்கங்களை அன்றே பார்த்திருந்தால் பேசியிருப்பேன், கண்ணு.

டிசம்பரில் வருவதாக இருந்தால் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். கண்டோன்மென்டில் மாரிக்குப்பம் ரயில் ஏறினால் சாம்பியனில் இறங்கிக்கொள்ளலாம். சுரங்கம் 2001-இல் மூடியதுதான். ஆனால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளும் தாத்தா இருந்த லைனும் இருக்கின்றன. நோட்டுகளைப் பாலிதீன் உறையில் போட்டுக் கட்டி வைக்கிறேன். அதில் எதை வைத்துக்கொள்வது என்று நீயே வந்து உட்கார்ந்து பார்.

அம்மா எள்ளுப்பொடி அனுப்பியிருக்கிறாள். கிடைத்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா