நாற்பது காலித் தீப்பெட்டிகள்

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாயி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வருமாம், வயதுக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான்களாம், வருடத்துக்கு 18,000 ரூபாயாம். "வாங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவானோ அம்மா?" என்றாய். 31 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள் இதற்குத் திணறியிருக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம்.

நான் 1988இல் வேலைக்குச் சேர்ந்தபோது மையத்திலிருந்த விளையாட்டுச் சாமான் முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி உடைசல். பிள்ளைகள் முப்பது பேர். தாய்மார்கள் விடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களிடம் சொல்லி, உரசும் பக்கத்தில் மருந்து பூசாத கழிவுப் பெட்டிகளை வாங்கி வைத்தேன். உள்பெட்டியைத் தள்ளித் திறக்கவும் மூடவும் இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வாரம் மல்லுக்கட்டும். விரலுக்கு அதைவிட நல்ல வேலை நான் பார்த்ததில்லை. மூன்று வயதுக்காரர்கள் மேலே ஒட்டிய படத்தைப் பார்த்து மயில் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம் என்று இனம் பிரிப்பார்கள். நான்கு வயது ஆட்கள் அடுக்கி வீடு கட்டுவார்கள், நூலில் கோத்து ரயில் விடுவார்கள். ஒன்றில் மணல், ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் வெறுமை என்று மூடி, என் கையிலேயே வைத்து ஆட்டிக் காட்டுவேன். எதில் என்ன என்று சொல்ல வேண்டும். வெறும் பெட்டியைக் கண்டுபிடிப்பதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். "ஒன்றுமே இல்லை!" என்று முப்பது பேரும் கத்துவார்கள்.

"எதைக் கொடுத்தாலும் கொட்டுகிறான், நிரப்புகிறான், திரும்பக் கொட்டுகிறான்" என்று அலுத்துக்கொண்டாயே, இரண்டரை வயதில் அதுதான் படிப்பு. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். அவருடைய முறையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தரும் வேலைகளில் ஒன்று, ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தானியத்தை ஊற்றுவது. உன் அடுக்களையில் அரிசி இருக்கிறது, இரண்டு டம்ளர் இருக்கிறது. கீழே பழைய வேட்டியை விரித்துவிட்டுக் கொடு. சிந்தியதை அவனே பொறுக்கட்டும், நீ பொறுக்காதே.

அப்புறம், நீ செய்யும் வேலையிலேயே அவனுக்கு ஒரு பங்கு கொடு. முருங்கைக்கீரை உருவட்டும், அவித்த முட்டையின் ஓட்டை உரிக்கட்டும், காய்ந்த துணிகளில் அப்பாவுடையது எது, தன்னுடையது எது என்று பிரிக்கட்டும். உனக்கு வேலை இரட்டிப்பாகும், அதை நான் மறைக்கவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் பிரஷும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடு. சுடுதரையில் அவன் எழுதுவது கண்ணெதிரே காய்ந்து மறையும், திரும்பவும் எழுதுவான். துடைக்கும் வேலை உனக்கு இல்லை.

உனக்கே பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மஞ்சள் தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவை. சோப்புத் தண்ணீரில் அவன் விரலை நனைத்துக் கோடு போடச் சொல். மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு விழும். அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலைதான். நீ பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், காரணம் என்னைவிட உனக்குத் தெரியும். அவனிடம் காரணம் சொல்லாதே, அவன் வாயைப் பிளப்பதைப் பார்.

பயமுறுத்தவும் ஒன்று இருக்கிறது. ஒருமுறை எண்ணுவதற்காகப் புளியங்கொட்டையைக் கொடுத்துவிட்டு, நான் பதிவேடு எழுத உட்கார்ந்தேன். மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஆயாவிடம் மற்றவர்களை விட்டுவிட்டு, அவளை இடுப்பில் வைத்துப் பஸ் ஏறினேன். டாக்டர் எடுத்துவிட்டார். ஆனாலும் அன்று வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: நல்ல எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது எதுவும் மூன்று வயதுவரை தனியே கையில் கொடுப்பதில்லை. கடலை, புளியங்கொட்டை, பாசிமணி எல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும். விளக்கு மினுங்கும் மலிவுப் பொம்மைகளுக்குள் சட்டைப் பொத்தான் போல் ஒரு பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அந்தப் பொம்மைகளை வீட்டுக்குள்ளேயே விடாதே. தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடு.

வீட்டில் ஏற்கெனவே குவிந்திருப்பதில் பாதியைப் பரணில் ஏற்று. இரண்டு வாரம் கழித்து இறக்கினால் புதிதாக வாங்கியது போலத் துள்ளுவான்.

இரவில் போனை வைத்துவிட்டு, அவன் உள்ளங்கையில் பருப்பு கடை. அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்று விரல் விரலாக மடக்கும்போது ஒரு விரலுக்கு ஒரு ஆள் என்ற கணக்கு பதிந்துவிடும். நண்டு ஊரத் தொடங்கியதும் கொஞ்சம் தாமதி. கக்கத்தை எப்போது தொடுவாய் என்று காத்திருப்பதில் பாதி விளையாட்டு இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடு. அவருக்குக் கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொல்கிறவள் உன்னோடு எவ்வளவு விளையாடினேன் என்று நீ கேட்கலாம். நீயும் அதே மையத்தில்தான் இருந்தாய். டீச்சர் தன் பிள்ளைக்கு மட்டும் செல்லம் கொடுக்கிறாள் என்று பேச்சு வரக் கூடாதென்று, எல்லாருக்கும் கொடுத்த பிறகே உன் பக்கம் திரும்புவேன். வீட்டுக்கு வந்தால் எனக்கு வாய் பேசத் தெம்பு இருக்காது. நீ அப்பாவின் பழைய பஸ் டிக்கெட்டுகளை இடுக்கி வைத்துக்கொண்டு, வாசற்படிகளில் ஆள் ஏற்றி இறக்கினாய். "அம்மா, உனக்கு எந்த ஊருக்கு டிக்கெட்?" என்று கேட்பாய். ஒரு ஊரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். எந்த ஊர் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

சனிக்கிழமை உன் கொழுந்தன் பெங்களூரு வருகிறாராம். அவரிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். நாற்பது காலித் தீப்பெட்டிகள், ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாங்கிய மரச்சொப்பு, கொஞ்சம் சத்துமாவு. ரயில் விட வேண்டுமென்றால் நூலை நீயே கோத்துக் கொடு. ஊசியை எடுத்த இடத்தில் வை.

அன்புடன்,
அம்மா