குட்டிக்கு என்ன போடறதுன்னு கேட்டியே

மாப்ள,

லெட்டரும் போட்டோவும் வந்துச்சு. குதிரைக்குட்டி அழகா இருக்குடா, நெத்தியில வெள்ளைப் பொட்டும் அந்த நீளக் காலும், பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவ காலேஜ் சேர்ந்து ஹாஸ்டல் போயிட்டா, வீடு ரொம்ப அமைதியா கிடக்கு. நம்ம கிழவன் குதிரைக்கு பல்லு தேஞ்சு போச்சு, ஊற வச்ச தீவனம்தான் இறங்குது, ஆனா இன்னும் காலையில என் காலடிச் சத்தம் கேட்டா கனைக்கிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். குட்டிக்கு அஞ்சு மாசம் ஆகுது, இன்னும் கொஞ்ச நாள்ல பால் மறக்கடிக்கப் போறேன், அதனால அடர்தீவனத்த, அதான் வாளியில வைக்கிற தானியக் கலவைய, ரெண்டு மடங்காக்கி சீக்கிரம் பெருசாக்கணும்னு எழுதியிருந்தே. அந்த ஒரு வரிய படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் வேலையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு உக்காந்து எழுதுறேன். வேகமா வளர்க்காதடா. சீரா வளர்த்தா போதும். குட்டி எவ்வளவு உயரம் ஆகணும்ங்கறது அப்பன் ஆத்தாகிட்ட இருந்து வர்றது, நீ வாளிய ரொப்புறதால அந்த உயரம் அதிகமாகாது, கொஞ்சம் முன்னாடியே வந்து சேரும், அவ்வளவுதான். ஆனா அதுக்கான விலைய மூட்டுதான் கொடுக்கணும்.

ஏன்னு சொல்றேன். குதிரை முதல் வருஷத்துலயே தன்னோட முழு உயரத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துரும், எடை மட்டும் மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். அதாவது எலும்பு நீளமாயிடுது, ஆனா உள்ள தாது சேர்ந்து கெட்டியாக இன்னும் சில வருஷம் ஆகும். அந்த நேரத்துல தானியத்த அள்ளிக் கொட்டினா உடம்பு எடை போடும், அந்த எடைய தாங்குறது இன்னும் கெட்டிப்படாத எலும்பு. மூட்டுக்குள்ள குருத்தெலும்பு சரியா எலும்பா மாறாம துண்டா பிரியறது, முன்னங்கால் முட்டிக்கு மேல எலும்பு வளர்ற இடம் வீங்குறது, தசைநார் இழுத்துக்கிட்டு குளம்பு நட்டமா நிக்கறது, இதெல்லாம் பெரும்பாலும் இந்த வயசுலதான் ஆரம்பிக்குது. பரம்பரையும் ஒரு காரணம்தான், ஆனா அது நம்ம கையில இல்ல, தீவனம் இருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன், குறிச்சு வச்சுக்க. வளர்ந்தா 500 கிலோ வரக்கூடிய குதிரைன்னா 6 மாசத்துல சுமார் 216 கிலோ, 12 மாசத்துல 320, 18 மாசத்துல 387, 2 வயசுல 430 கிலோ பக்கம். இது 2007-ல அமெரிக்காவோட நேஷனல் ரிசர்ச் கவுன்சில் போட்ட கணக்கு. 4 மாசக் குட்டி ஒரு நாளைக்கு 840 கிராம் போல ஏறும், ஒரு வயசுல அது 450 கிராமுக்கு இறங்கிடும். பார்த்தியா, வயசு ஏற ஏற வேகம் தானா குறையுது, அதைப் பார்த்து குட்டிக்கு ஏதோ குறைன்னு நினைச்சு பயந்து வாளிய கூட்டிடாத.

நீ தாய்க்குதிரையை நல்லா கவனிச்சே, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். தாய்ப்பால்ல காப்பர் சத்து ரொம்பக் கம்மி, குட்டி வயித்துல இருக்கும்போதே கடைசி மூணு மாசத்துல ஈரல்ல சேர்த்து வச்சுக்கிட்டுதான் பொறக்குது, நீ அப்பவே தாது உப்புக் கலவை கொடுத்தது அதுக்கு உதவியிருக்கும். சீம்பாலும் பொறந்த கொஞ்ச நேரத்துலயே குடிச்சுருச்சுன்னு சொன்னே, குதிரைக்கு நஞ்சுக்கொடி வழியா நோய் எதிர்ப்பு சக்தி போகாது, சீம்பால்ல இருந்துதான் வரணும், அதுவும் 24 மணி நேரத்துக்குள்ள குடல் அந்தக் கதவ மூடிடும், அதனால அது பெரிய விஷயம்.

இப்ப பால் விஷயம். தாய்க்கு ரெண்டு மாசம் வாக்குல பால் உச்சத்துல இருக்கும், மூணு மாசத்துக்கு மேல அந்தப் பால் மட்டும் குட்டிக்குப் பத்தாது. அதனாலதான் தாய் எட்டாத மாதிரி ஒரு தடுப்பு கட்டி குட்டிக்குத் தனியா தீவனம் வைக்கச் சொல்றது. பால் மறக்கடிக்கறதுக்கு முன்னாடியே அது அந்தத் தீவனத்த தைரியமா சாப்பிட்டுப் பழகியிருக்கணும், இல்லன்னா தாயையும் பிரிஞ்சு சாப்பாடும் மாறி ரெண்டு அடி ஒண்ணா விழும், அப்புறம் இளைச்சுப் போயி, நீ பதறிப் போயி அள்ளி வைக்க, திடீர்னு எடை ஏறும், அந்த இளைக்கறது ஏறுறது ரெண்டும் சேர்ந்துதான் மூட்டுக்கு ரொம்ப ஆபத்து.

அடர்தீவனம் எவ்வளவுன்னு கேட்டா, வயசுல ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு நாளைக்கு அரைக்கிலோங்கறது பெரிய சாதிக் குதிரைக் குட்டிக்கு அதிகபட்சம், அதுக்கு மேல வேண்டாம். சின்ன சாதின்னா அதுலயும் குறைச்சுக்க. தராசுல நிறுத்துப் போடுடா, டப்பாவால அளக்காத, ஒரு டப்பா தவிடும் ஒரு டப்பா மக்காச்சோளமும் ஒரே எடை கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டு இல்ல மூணு வேளையா பிரிச்சு வை. குதிரை வயிறு சின்னது, ஒரே தடவையில மாவுச்சத்து நிறைய போனா சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயி புளிச்சு, வயித்து வலி வரும், குளம்புக்குள்ள வீக்கமும் வரலாம். குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ள போனது போனதுதான்.

வாளிய விட முக்கியம் புல்லு. மொத்தமா சாப்பிடுற உலர்ந்த எடை அதோட உடம்பு எடையில ரெண்டரைல இருந்து மூணு சதவீதம் வரும், அதுல பாதியாவது நல்ல இளசான காய்ந்த புல்லா இருக்கட்டும், முத்திப்போன தண்டு அதுக்கு செரிக்காது, வயிறு மட்டும் தொங்கும். குதிரை மசால்ங்கற தீவனப் பயிர் கிடைச்சா சேர்த்துக்க, புரதமும் கால்சியமும் நல்லா இருக்கு, ஆனா அதையே முழுசா போடாம சாதா புல்லோட கலந்து போடு.

இனி தவிடு. உன் லெட்டர்ல கோதுமைத் தவிடு தினமும் ஒரு பெரிய பாத்திரம்னு பார்த்தேன், தயவு செஞ்சு படிப்படியா நிறுத்து மாப்ள. தவிட்டுல பாஸ்பரஸ் கால்சியத்த விட கிட்டத்தட்ட பத்து மடங்கு இருக்கும். குதிரைக்கு இது தலைகீழா வேணும், பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ஒண்ணரைல இருந்து ரெண்டு பங்கு. 6 மாசக் குட்டிக்கு ஒரு நாளைக்கு கால்சியம் 38 கிராம், பாஸ்பரஸ் 21 கிராம் பக்கம் தேவை. பாஸ்பரஸ் மிஞ்சிப் போனா உடம்பு எலும்புல இருந்தே கால்சியத்த உருவி எடுக்கும், நாளாக நாளாக முகத்து எலும்பு ஊதி தலை பெருத்துப் போகும், நொண்டும். ஓட்ஸ், பார்லி எல்லாத்துலயும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு, ஆனா தவிடு ரொம்ப மோசம்.

புரதம் அதிகமானாதான் கால் கோணும்னு யாரோ சொன்னதா எழுதியிருந்தே, அது பழைய பேச்சு. புரதத்த குறைச்சா வளர்ச்சிதான் கெடும். கேடு பண்றது மிஞ்சின மாவுச்சத்தும், குறைஞ்சு போன காப்பர், ஜிங்க், கால்சியமும்தான். குட்டித் தீவனத்துல 14ல இருந்து 16 சதவீதம் புரதம் இருக்கட்டும், அதுல லைசின்ங்கற அமினோ அமிலம் போதுமான அளவு இருக்கான்னு லேபிள்ல பாரு, சோயா புண்ணாக்கு சேர்ந்த தீவனத்துல அது நல்லா இருக்கும். செலினியம் மட்டும் உன் இஷ்டத்துக்கு தனியா வாங்கி சேர்க்காத, தேவைக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு.

எடைக்கு மெஷின் இல்லன்னா பரவால்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சச் சுத்தி டேப் வச்சு அளந்து நோட்டுல எழுது. ஒரே சீரா ஏறணும், குதிக்கவும் கூடாது நிக்கவும் கூடாது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, கை வச்சா மட்டும் தட்டுப்படணும், அதான் சரியான உடம்பு. ஆனா வயிறு உப்பி, முதுகு ஒட்டி, ரோமம் மங்கி இருந்தா அது கொழுப்பு இல்ல, உருளைப்புழுவா இருக்கலாம், லத்திய டெஸ்ட் பண்ணி டாக்டர் சொல்ற மருந்த கொடு. முட்டிக்கு மேல வீக்கமோ நட்டமான குளம்போ தெரிஞ்சா அன்னைக்கே தானியத்த குறைச்சுட்டு டாக்டர கூப்பிடு, புல்லையும் தாது உப்பையும் நிறுத்தாத.

இன்னொண்ணு, லாயத்துல கட்டியே வைக்காத. தினமும் திறந்த வெளியில தானா ஓடி ஆடணும், அந்த அதிர்வுலதான் எலும்பு கெட்டிப்படும், தீவனத்தால மட்டும் நடக்காது. தண்ணியும் உப்புக்கட்டியும் எப்பவும் பக்கத்துலயே இருக்கட்டும். தீவனம் மாத்துறதா இருந்தா பத்து நாள் எடுத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மாத்து, தவிட்டையும் அப்படியே படிப்படியா இறக்கு.

அடுத்த லெட்டர்ல தீவன மூட்டை லேபிளோட போட்டோவும் நெஞ்சளவும் அனுப்பு, பக்கத்துல இருந்து எடுத்த முன்னங்கால் போட்டோ ஒண்ணும் வேணும், முட்டிய நான் பார்க்கணும். பால் மறக்கடிக்கிற நாள முடிவு பண்ணிட்டா முன்னாடியே சொல்லு, நான் ரெண்டு நாள் வந்து உன்கூட இருக்கேன். தங்கச்சியையும் பசங்களையும் கேட்டேன்னு சொல்லு.

உன்
மாப்ள