மூலிகை ஆர்வலர் சங்கம், 2024 ஆண்டறிக்கை: காடோங் பாத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பதோடு விடாமல் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் முழுசாகப் போடுகிறேன், ஏனென்றால் யார் இதைக் கேட்க வேண்டுமோ அவர்களில் பாதிப்பேர் கூட்டத்துக்கு வருவதில்லை. தவிர, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்பியாக வேண்டும், அதற்கும் இது வேண்டும்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம், நன்றாக நடந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். கீரைச் சமையல் வகுப்பு பட்டர்வொர்த்தில் நடந்தது, அதற்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. தீபாவளி விருந்து மழையால் தள்ளிப்போனது, பிறகு நடக்கவில்லை. செயலவைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன, சிலவற்றில் கோரம் சேரவில்லை.

இனி பாத்தி விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்கூட்டத்தில் நாம் எடுத்த தீர்மானம் நினைவிருக்கும். பூர்வகுடி மக்களும் தோட்டப்புறத்து நம் பெரியவர்களும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பயன்படுத்திய காட்டுச் செடிகளை ஓரிடத்தில் வளர்ப்பது, அவற்றைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது. எல்லாரும் கை தூக்கினோம். நிபோங் திபாலில் ஓர் உறுப்பினர் தன் நிலத்தின் ஓரத்தை இரவலாகக் கொடுத்தார். வல்லாரை, பிரண்டை, தூதுவளை, குப்பைமேனி வைத்தவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காடோங் கொடியை நட்டதும் ‘செயலாளர் விஷச்செடி வளர்க்கிறார்’ என்று பேச்சு கிளம்பிவிட்டது. என்னிடம் நேராகக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன்.

காடோங் விஷக் கிழங்கு என்பது உண்மைதான். அதை நான் மறைத்ததே இல்லை, பாத்தியில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகையை நட்டதே நான்தான். அது வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த காட்டுக்கொடி. தாவரவியல் பெயர் டயஸ்கோரியா ஹிஸ்பிடா. நாம் வீட்டில் வைக்கும் பெருவள்ளிக்கும் காய்வள்ளிக்கும் இலை ஒற்றையாக, வெற்றிலை மாதிரி இருக்கும். காடோங்குக்கு ஒரே காம்பில் மூன்று இலை, தண்டெல்லாம் முள். இந்த இரண்டையும் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். கிழங்கு ஆழத்தில் இருக்காது, மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கொத்தாக, வேர்மயிர் மூடிக் கிடக்கும். அதிலுள்ள டயஸ்கோரின் என்ற நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது. தொண்டை எரியும், தலை சுற்றும், அதிகமானால் வலிப்பு வரும், உயிரே போகலாம். வேகவைத்தால் மட்டும் போய்விடாது. ஆனால் அந்த நஞ்சு தண்ணீரில் கரையும். இந்த ஒரு குணத்தைக் கண்டுபிடித்து, ஆளைக் கொல்லும் கிழங்கைப் பசி தீர்க்கும் சோறாக மாற்றியவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் செய்த வேலை அது. நான் பாத்தியில் அதை வைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

பேராக்கில் தாப்பாவுக்கு மேலே, பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செமாய் மக்களின் கிராமத்துக்கு நாங்கள் சிலர் போயிருந்தோம். வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் ஒரு வேன் நிறைய, வந்தவர்கள் ஒரே காரில் அடங்கிவிட்டோம். அங்கே ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து காடோங் சீவிக்கொண்டிருந்தார். தோலை மேலோட்டமாக எடுக்காமல் சதையோடு சேர்த்து ஆழமாகச் சீவித் தள்ளினார். அப்புறம் கிழங்கை மெல்லிசாக வார்ந்தார். சீவலைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் அவர் விரலின் நிழல் தெரிந்தது. கொஞ்சம் தடித்து விழுந்த துண்டுகளை ஒதுக்கிவைத்து மறுபடியும் வார்ந்தார். தடித்த துண்டின் நடுவில் நஞ்சு தங்கிவிடுமாம், ஒரு துண்டு போதும் ஒரு குடும்பத்தைப் படுக்கவைக்க என்று மலாயில் சொன்னார். உப்பைப் போட்டுப் பிசைந்து, மேலே கல்லேற்றி, வடிந்த சாற்றைக் கோழி, நாய் அண்டாத இடத்தில் கொட்டினார். பிறகு சீவலைப் பிரம்புக் கூடையில் அடைத்து ஆற்றில் ஓட்டமுள்ள இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். நின்ற தண்ணீர் உதவாது, நஞ்சு வெளியே வந்து அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தினமும் கூடையை எடுத்து அலசி, பிழிந்து, திரும்பக் கட்ட வேண்டும். பல நாள் வேலை, வீட்டுக்கு வீடு கணக்கு கொஞ்சம் மாறும். ஏற்கெனவே ஊறி முடிந்ததை வேகவைத்துத் தேங்காய்த் துருவல் போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டோம். மரவள்ளியைவிட மிருதுவாக இருந்தது. கிளந்தான், திரெங்கானு பக்கம் மலாய்க் கிராமங்களிலும் இதையே தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பலகாரமாகச் சாப்பிடுகிறார்கள்.

தயவுசெய்து இந்த அறிக்கையைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாத காரியம் இது.

மருந்தென்று பார்த்தால், காடோங்கை உள்ளுக்குக் கொடுப்பது அபூர்வம். பச்சைக் கிழங்கை அரைத்து ஆறாத புண், சீழ் கட்டி, கால் ஆணி இவற்றின்மேல் பற்றுப் போடுவது இந்த வட்டாரத்தில் பல மக்களிடம் உண்டு. பிலிப்பீன்ஸில் புழு வைத்த புண்ணுக்கும் போடுவார்கள். மீன் மயக்கவும், பயிர்ப் பூச்சியை விரட்டவும், வேட்டை அம்பின் நஞ்சோடு சேர்க்கவும் பயன்பட்டிருக்கிறது. அதாவது, எந்த அளவில் எங்கே வைத்தால் கொல்லும், எங்கே வைத்தால் ஆற்றும் என்று பிரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகள் அரசாங்கக் கணக்குப்படி 18 பிரிவினர். செமாய் மக்களுக்குத் தெரிந்தது பதேக் மக்களுக்கு அப்படியே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பதேக் மக்கள் காட்டுக்குள் தோண்டும் கிழங்குகளில் பலவற்றுக்கு இந்த ஊறவைக்கும் வேலையே இல்லை, சுட்டுச் சாப்பிட்டுவிடலாம். அதனால் ‘ஒராங் அஸ்லி மருத்துவம்’ என்று ஒரே தலைப்பில் அடைத்து எழுத வேண்டாம், எந்த மக்கள், எந்த ஊர் என்று குறித்து எழுதுவோம் என்று பிடிவாதமாக இருந்தேன். அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. சிலருக்கு அதிலும் வருத்தம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஓர் அண்ணன் சொன்னார். அப்படிச் சொல்லலாமா? பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவது நான்கு என்று புறநானூற்றில் கபிலர் எண்ணிச் சொல்கிறார். மூங்கில் நெல், பலா, தேன், இவற்றோடு வள்ளிக்கிழங்கும் ஒன்று. நாம் தோளில் காவடி எடுக்கிற முருகனின் வள்ளி, வேடர்கள் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த பிள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியரும் இருளரும் காணிக்காரரும் இன்றைக்கும் காட்டு வள்ளி தோண்டுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1941 முதல் 1945 வரை, அரிசி வரத்து நின்றுபோய் இந்த நாடே மரவள்ளியில் உயிர் பிழைத்தபோது, காட்டோரத்தில் இருந்தவர்கள் காடோங்கும் தோண்டினார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவருடைய பாட்டி, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அவசரப்பட்டு ஒரே இரவு மட்டும் ஊறவைத்துத் தின்று மயங்கி விழுந்தவர்களைப் பற்றிச் சொல்வாராம். செய்முறை தெரிந்த ஒருவர் அந்த லயத்தில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. பினாங்கில் இன்று காடோங் இலையை அடையாளம் சொல்லக்கூடிய தமிழர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்த விவரங்களை வைத்து மூலிகைப் பொடி தயாரித்துச் சங்கத்தின் பெயரில் விற்கலாம் என்று ஒரு யோசனை செயலவையில் வந்தது. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். கேரளத்தில் அகத்தியமலைக் காணிக்காரர்கள் 1987 இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாகப் போனபோது, களைப்புத் தெரியாமல் இருக்க அவர்கள் மென்ற ஆரோக்கியபச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து உருவானது. அதன் உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஆய்வு நிலையம் முடிவுசெய்ததால்தான் அதை இன்றும் உலகம் எடுத்துக்காட்டாகப் பேசுகிறது. நம் நாட்டிலும் 2017 இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டது. பூர்வகுடிகளின் பாரம்பரிய அறிவை எடுப்பவர் அவர்கள் சம்மதத்தோடு எடுக்க வேண்டும், பலனைப் பகிர வேண்டும். அந்த மூதாட்டி ஒரு காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்ததைப் பொட்டலம் கட்டி நாம் விற்கக்கூடாது. யோசனை சொன்ன நண்பர் அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வரவில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன், ஆனால் என் நிலை மாறாது.

வராதவர்களைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பாத்தி வேலைக்கு முறை போட்டுப் பட்டியல் எழுதினோம். பட்டியலில் இருந்தவர்களில் தொடர்ந்து வந்தவர்கள் நிலம் கொடுத்த ஐயா, அவர் மனைவி, பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு இளைஞர்கள், நான். வறட்சி மாதங்களில் தண்ணீர் வாளியில் சுமந்தோம். ‘வேலை இருக்கிறது செயலாளரே’ என்று சொன்னவர்களுக்கு வேலை இருந்திருக்கும், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எங்களுக்கும் வேலையும் பிள்ளைகுட்டியும் இருக்கிறது. புலனக் குழுவில் ‘அருமையான முயற்சி’ என்று கை கூப்பும் படம் அனுப்புவதால் செடிக்குத் தண்ணீர் போகாது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே தருவார், கணக்காய்வாளர்கள் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், போன ஆண்டைவிட இருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, கடன் இல்லை. வேலி, பலகை, தாப்பா பயணத்துக்குப் பெட்ரோல், கிராமத்துக்கு வாங்கிப்போன அரிசி, சர்க்கரை, இவைதான் பாத்திக் கணக்கில் பெரிய செலவு. சந்தா பாக்கிதான் உண்மையான பிரச்சினை. ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்). மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு கோப்பி காசு. இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் படிக்கச் சொல்லித் தலைவர் கேட்டார், நான் படிக்கப் போவதில்லை. அவரவருக்குத் தெரியும்.

மோர்ப் பந்தலுக்குப் பால் கொடுத்தவருக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்த கோவில் நிர்வாகத்துக்கும், மகளிர் பிரிவுக்கும், கணக்காய்வாளர்களுக்கும், தலைவருக்கும் நன்றி. செமாய் கிராமத்தாருக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. எழுதிய குறிப்புகளை மலாயில் மொழிபெயர்த்து முதல் படியை அவர்களிடமே கொடுத்து, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நாம் அச்சிடுவோம். இதை அவர்களுக்கு வாக்காகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு. காடோங் கொடி வேலியில் ஏறிவிட்டது, கிழங்கு பருக்க இன்னும் காலம் வேண்டும். அந்த மூதாட்டியின் மகள் வந்து நமக்குச் செய்து காட்டச் சம்மதித்திருக்கிறார். அதற்கு நிலத்தருகே ஓடும் தண்ணீர் வேண்டும். வாய்க்காலிலிருந்து குழாய் இழுத்துத் தொட்டி ஒன்று கட்ட வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும், சிமெண்ட் குழைக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். செயலாளர் பொறுப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் ஏடுகளையும் சாவியையும் மகிழ்ச்சியோடு கொடுப்பேன், பாத்தியை அழிக்காமல் நடத்துவேன் என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் முன்வராவிட்டால் நானே இருக்கிறேன், ஆனால் அதே நான்கைந்து பேரை வைத்து இன்னோர் ஆண்டு ஓட்ட முடியாது. குறைந்தது பத்துப் பேராவது ஞாயிறு காலையில் வர வேண்டும். பசியாற நிலத்து ஐயா வீட்டிலேயே ஏற்பாடு உண்டு.

பெயர் கொடுப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கும். அதே மேசையில் பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்