ஆர்வம் இல்லாதவர்களா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருநகரங்களில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் பசுமைத் திட்டங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘மக்கள் ஆர்வம் காட்டும் பகுதிகளில் முதலில் மழைத்தோட்டங்கள் அமைப்பதே நல்லது’ என்ற வரியைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. (மழைத்தோட்டம் என்றால், ஓடிவரும் மழைநீரைத் தாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம்.)

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மேட்டுப் பகுதியின் மொட்டை மாடிகளிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் விழும் மழை எங்களிடம்தான் வந்து நிற்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தாலே 5,000 லிட்டர். சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போவதால் வீட்டுக்குள் ஏறுவது வெறும் தண்ணீரும் இல்லை. எங்களுக்கா ஆர்வம் இல்லை?

மழைத்தோட்டம் கேட்கும் விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளர் கையெழுத்து கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாளில், காலையில் வைக்கிறார்கள். சம்பளத்தை விட்டுப் போனேன். என் முறை வருவதற்குள் கூட்டம் முடிந்தது. புகார்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் முன்னுரிமை என்றார் ஓர் அதிகாரி. புகார் கொடுத்தே ஓய்ந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்?

முன்பு எங்கள் தெருமுனையில் ஒரு மழைத்தோட்டம் போட்டார்கள். திறப்பு விழாப் படம் உங்கள் இதழிலும் வந்தது. அப்புறம் வண்டலை அள்ள யாரும் வரவில்லை. வண்டல் படிந்து மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எப்படி இறங்கும்? தேங்கிக் கொசுதான் வளர்கிறது. பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காமல் செடி மட்டும் நடுவது எங்களை ஏமாற்றும் வேலை. அதை அப்போதே உங்களுக்கு எழுதினேன், வெளியிடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2011-ல் தொடங்கிய 25 ஆண்டுப் பசுமைத் திட்டத்தைக் கட்டுரை பாராட்டுகிறது. சரி, நல்ல திட்டம்தான். ஆனால் அந்த நகரில் கடைகள், தொழிற்சாலைகள் போன்ற குடியிருப்பு அல்லாத இடங்களுக்கு, தண்ணீர் இறங்காத தரைப்பரப்பையும் கணக்கில் எடுத்து மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! தண்ணீரைக் கீழே தள்ளுகிறவர்கள் செலவில் பங்கு தர வேண்டாமா? தெரு பசுமையான பிறகு வாடகை ஏறி நாங்களே வெளியேற நேர்ந்தால் அது யாருக்கான திட்டம்? இதையெல்லாம் கேட்டு எழுத உங்களால் முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு வாரம் முன்னதாகவே உங்கள் இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத் தெரு வாசகர்