கன்யாகாவுக்குக் கூரை வேண்டாம்: தென் ஆஸ்திரேலிய மரபுக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஃப்ளிண்டர்ஸ் மலைப்பகுதியில், குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில், கூரையில்லாமல் நிற்கிறதே கன்யாகா ஆட்டுப்பண்ணை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாநில மரபுப் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. எனவே அதைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் மதிப்பு எதில் இருக்கிறது என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு.

வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியின் வீட்டைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடு அழகுதான். ஆனால் அந்த வீடு மட்டுமே கன்யாகா இல்லை. உச்சத்தில் 70 குடும்பங்கள் அங்கே பிழைத்ததாகச் சொல்வார்கள். கம்பளியை மாட்டுவண்டியில் ஏற்றித் தொலைவிலிருந்த துறைமுகத்துக்கு அனுப்பிய காலம் அது. ஒரு ஆணி வேண்டுமென்றாலும் அங்கேயே அடித்துக்கொள்ள வேண்டும். அதனால் வேலையாட்களின் குடிசைகள், ரோமம் கத்தரிக்கும் கொட்டகை, இடுகாடு என்று பண்ணையே ஒரு சிற்றூராக வளர்ந்தது. நல்ல மரம் கிடைப்பது அரிது, கல்லுக்குப் பஞ்சமில்லை. முதலாளி வீடும் வேலையாள் வீடும் அந்த ஊர்க் கல்லிலேயே எழும்பின. பராமரிப்புப் பணத்தைப் பங்கிடும்போது கத்தரிப்புக் கொட்டகைக்கும் குடிசைகளுக்கும் மிச்சம்மீதியைக் கொடுக்காதீர்கள்.

பண்ணையைத் தொடங்கிய ஹ்யூ ப்ரோபி ஒரு பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1852 ஆகஸ்டில், வில்லோக்ரா ஓடையில் திடீரென்று வந்த வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனது. வயது இருபத்து நான்குதான். பின்னால் குடும்பத்தார் பிரிட்டனிலிருந்து கருங்கல் அனுப்பி அவருக்குக் கல்லறை எழுப்பினார்கள். மழை வராமல் அழிந்த பண்ணையை நிறுவியவர் வெள்ளத்தில் செத்தார். அந்த மண்ணின் மழைக்கணக்கு அப்படி. கல்லறை பண்ணையிலிருந்து விலகித் தனியே கிடக்கிறது. அதையும் கன்யாகாவோடு சேர்த்தே பாருங்கள்.

1860களின் நடுவில் வந்த வறட்சியில் அந்த வட்டாரமெங்கும் ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1865இல் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையேறிப் போய், வறட்சி எதுவரை எட்டியிருக்கிறது என்று பார்த்து ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே உழலாம், வடக்கே மேய்ச்சல் மட்டும்தான் என்பது அதன் பொருள். கன்யாகா வடக்கே இருக்கிறது. அப்புறம் சில வருடம் நல்ல மழை பெய்தது. உடனே கோய்டரைக் கேலி செய்தார்கள். கலப்பை போகும் இடத்துக்கு மழை தானாக வரும் என்று நம்பவும் செய்தார்கள். 1874இல் அரசாங்கமே கோட்டை ஒதுக்கிவைத்தது. மேய்ச்சல் நிலங்களை வெட்டிக் கோதுமைக்குக் கொடுத்தார்கள், ஊர்களுக்கு மனை பிரித்தார்கள். 1880களில் மழை பொய்த்தது. பக்கத்திலேயே கார்டன், வில்சன் என்ற ஊர்கள் முளைத்துப் பட்டுப்போயின. 1888 வாக்கில் கன்யாகாவும் கைவிடப்பட்டது.

என் பார்வையில் கன்யாகாவின் மதிப்பு இந்தக் கணக்குப் பிழையில்தான் இருக்கிறது. "முன்னோடிகளின் துணிச்சல்" என்று மட்டும் எழுதி முடித்தால் பாதிக்கதை போய்விடும். நாளைக்கு யாராவது கூரை போட்டு விடுதியோ தேநீர்க்கடையோ ஆக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். செப்பனிட்ட கூரைக்கு அடியில் உட்கார்ந்து தோல்வியைப் புரிந்துகொள்வது கஷ்டம். அதற்காகச் சுவர் விழட்டும் என்று விடவும் முடியாது. விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்தே அடைக்கச் சொல்லுங்கள். பழைய கற்சுவரில் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிக் கல்லையே உதிர்த்துவிடும் என்பது இந்த மாநிலத்துக் கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். பண்ணைக்கு இடம் தேடியவர்கள் வற்றாத நீர்நிலையைத்தான் தேடினார்கள். அந்த நீர்நிலைகளை நம்பி அட்ன்யமதனா உள்ளிட்ட ஃப்ளிண்டர்ஸ் பூர்வகுடிகள் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருந்தார்கள். ஆடுகள் வந்ததும் தண்ணீரும் போனது, வேட்டையும் போனது. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் வெள்ளை மேய்ப்பர்கள் அங்கே ஓடினார்கள். தென் ஆஸ்திரேலியப் பண்ணைகள் பலவற்றில் அப்போது ஆடு மேய்த்தவர்கள் பூர்வகுடிகள்தான். கூலி என்று பெரும்பாலும் மாவும் சர்க்கரையும் புகையிலையும்தான் கிடைத்தன. கன்யாகாவின் மதிப்பு அறிக்கையை அடுத்த முறை திருத்தும்போது, அந்தப் பகுதியை நீங்களே எழுதாமல் அச்சமூகத்தின் மூத்தவர்களிடம் விட்டுவிடுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுங்கள்.

இப்படிக்கு,
அடிலெய்டுவாசி ஒருவர்