ஒன்பதாம் வகுப்பு மேற்கூரையை இனிமேல் பூச வேண்டாம்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் பொதுப்பணித்துறை உதவிச் செயற்பொறியாளர் அவர்களுக்கும் வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் போன வாரம் மேற்கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது மூன்றாவது தடவை என்பதை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிய உணவு நேரம் என்பதால் பிள்ளைகள் வெளியே இருந்தார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்த முறையும் பூசிவிட்டுப் போகாதீர்கள்.

விழுந்த துண்டு தலைமையாசிரியர் அறையில் ஒரு சாக்கில் இருக்கிறது. எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சு. மறுபக்கம் கம்பி படுத்திருந்த பள்ளம், அதில் அப்பளம் போல அடுக்கடுக்காக உரியும் துரு. பள்ளத்துக்கும் பூச்சுக்கும் நடுவே இருக்கிற கான்கிரீட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் 12 மி.மீ. கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்குக் கீழே 45 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு ஐ.எஸ். 456 (2000). உப்புக்காற்று நேரே படாத இடத்துக்கே 30 மி.மீ. வேண்டும். கம்பிக்கு அடியில் சரியான இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் கைக்கு அகப்பட்ட ஜல்லியை முட்டுக்கொடுத்துக் கம்பியைத் தூக்கினால் இப்படித்தான் ஆகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எங்களுக்கு நிபுணர் குழு தேவைப்படவில்லை.

உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துருவாக மாறிய இரும்பு முன்பு இருந்ததைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். மேலே போக வழியில்லை, கீழே இருப்பதைத் தள்ளிவிடும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் முதல் இரண்டு தடவை நடந்தது என்ன? தொங்கியதைத் தட்டிவிட்டு, துருவின் மேலேயே சிமென்ட் பாலை அடித்து, கலவையை அப்பி, மறுநாள் பெயின்ட். கலவைக்குத் தண்ணீர் பள்ளி போர்வெல்லில் ஹோஸ் போட்டுப் பிடித்தது. பிள்ளைகள் வாய்கூடக் கொப்பளிக்காத தண்ணீர் அது, குழாய் முனையில் உப்பு பூத்துக் கிடக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது என்பதும் அதே ஐ.எஸ். 456-இல்தான் இருக்கிறது.

ஒட்டுப்போட்ட இடம் நின்றாலும் தொல்லை தீராது. அதன் ஓரத்தில் பழைய, உப்பேறிய கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் முதலில் கரும்பலகைக்கு மேலே விழுந்தது, பிறகு இரண்டடி தள்ளி, இப்போது மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில்.

அந்த வகுப்பில் இன்று நடு வரிசை காலி. பெஞ்சுகளை இரண்டு சுவரோரமும் ஒதுக்கிப் போட்டிருக்கிறார்கள். அதிர்ச்சியில் மிச்சமும் வந்துவிடுமோ என்று மின்விசிறியைப் போடுவதில்லை. கடலோரப் புழுக்கத்தில் நாற்பத்தைந்து நிமிடம் மின்விசிறி இல்லாமல் இயற்கணிதம் நடத்துவதும் கேட்பதும் எப்படி இருக்கும் என்பதை ஒரு பாடவேளை வந்து உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் பழுதான பள்ளிக் கட்டடங்களை மாநிலமெங்கும் கணக்கெடுத்தார்கள். இந்தக் கட்டடம் தப்பித்துக்கொண்டது. புதுப் பெயின்ட் அடித்திருந்ததே! தேர்தல் வந்தால் இதே அறைதான் வாக்குச்சாவடி. அப்போது சாய்தளமும் விளக்கும் இரண்டே நாளில் வந்துவிடுகின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் குப்பத்து மக்களை ஓலைக் கூரையிலிருந்து எழுப்பி இந்தக் கூரைக்கடியில்தான் கொண்டுவந்து படுக்க வைப்பீர்கள். எது பத்திரம் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறோம். பூசாதீர்கள். முதலில் ஏணி போட்டு, தளம் முழுவதையும் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று சத்தம் வருகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே வரும். சந்தேகமிருந்தால் பள்ளி வேதியியல் ஆய்வகத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. விழுந்த கான்கிரீட்டை இடித்துத் தூளாக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு வரும், குளோரைடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் செய்வதுதான்.

பழுது பார்க்கலாம் என்று முடிவானால், குறித்த இடத்தில் கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, 20 மி.மீ. குறையாமல், கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் பளபளவென்று தெரியும்வரை துருவை எடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒயர் பிரஷ் போட்டால் பின்பக்கத் துரு உள்ளேயே இருக்கும். மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி, அதன்மேல் துத்தநாகப் பிரைமர், பிறகு பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையை ஒரே அப்பாக அப்பாமல் அடுக்கடுக்காக. கம்பி பாதிக்குமேல் போயிருந்தால் பழுதே வேண்டாம், இடித்துவிட்டு வேறு கட்டுங்கள். அதுவரை இரண்டு வகுப்புக்குத் தற்காலிகக் கொட்டகை போதும்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. ஏணியும் சுத்தியலும் எங்களிடம் இருக்கின்றன, ஆளும் நாங்களே தருகிறோம். உதவிப் பொறியாளர் ஒருவரை மட்டும் அனுப்பிவையுங்கள். எஸ்டிமேட் போடும்போது லாரியில் நல்ல தண்ணீர் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள்